சத்தம் போடாத கப்பல்

ஐஸ் பெட்டியின் ப்ளக் வீட்டிலிருந்த எந்த சாக்கெட்டிலும் நுழையவில்லை. பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்த சஹீர், ஹாலில் இரண்டையும் படுக்கையறையில் ஒன்றையும் முயன்று பார்த்துவிட்டு, வயரைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றான். சாவு வீட்டில் ஆண்களுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தால் போதும், உயிர் வந்துவிடும். நான்கு பேர் நான்கு மூலையில் குனிந்து பெரிய சாக்கெட்டைத் தேட ஆரம்பித்தார்கள்.

"ஏனுங்க்கா, கிரைண்டர எதுல போடுவீங்க?" என்று சஹீர் கேட்டான்.

பொற்கொடி சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். கிரைண்டரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சொருகியதும், பெட்டியின் மோட்டார் ஒரு குலுக்குக் குலுக்கி ஓட ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் அவளுடைய அப்பா வேலுமணி, அவள் மாற்றிவிட்ட வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் போனார். வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொல்லி ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

"எத்தன நாளைக்குங்க்கா வேணும்?" சஹீர் குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கே எடுக்கறதுன்னா மத்தியானத்துக்கு மேல வாரேன். வெளியூர்ல இருந்து ஆராச்சு வரோணுமுங்களா?"

"தம்பி வரோணும்."

"எங்க இருக்கறாருங்க?"

"கடல்ல."

சஹீர் அடுத்துக் கேட்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க்கா, சொல்லிவிடுங்க" என்று வாசலுக்குப் போய்விட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை. காலையிலிருந்தே வரவில்லை. காதுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டது போல, எல்லாரும் பேசுவது கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

தம்பி ரூபன் கொச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். வருசத்தில் நான்கைந்து மாதம் கடற்படைக் கப்பல் ஒன்றில் போவான். கடற்படை என்றதும் சூலூரில் எல்லாரும் பீரங்கியைப் பற்றித்தான் கேட்பார்கள். அதில் பீரங்கி கிடையாது. கடலுக்குள் சத்தம் எப்படிப் போகிறது, எந்த ஆழத்தில் வளைகிறது, எங்கே போய் மங்குகிறது என்று அளக்கிற கப்பல் அது. நடுக்கடலில் ஓர் இடத்தில் நின்று, நீளமான கேபிளில் மைக்குகளைக் கோத்துத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். இறக்கிவிட்டால் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். ஏசி கிடையாது, அடுப்பு கிடையாது, ரொட்டியும் வாழைப்பழமும்தான். ஒருத்தரும் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. ஒருமுறை யாரோ சாப்பாட்டுத் தட்டைக் கீழே போட்டு அரைநாள் வேலை வீணாகிவிட்டது என்று ரூபன் சொல்லியிருக்கிறான்.

இதையெல்லாம் அவனைவிட அதிகமாகச் சொன்னது அப்பாதான். மில்லில் நூல் கோன் பெட்டி ஏற்றி இறக்கிய மனுசன், தன் மகன் செய்கிற வேலையைப் பேக்கரி வாசலில் நின்று விளக்குவார். "என்ற பையன் போற கப்பல்ல தும்மறதுக்கே பர்மிசன் வாங்கோணுமப்பா" என்பார். குடும்பத்தாரைக் கப்பலுக்குள் விடுகிற நாளில் ஒருதடவை கொச்சிக்குப் போயிருந்தார். கப்பல் கரையில் கட்டித்தான் கிடந்தது. அப்படியும் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டே மேல்தளம் பூராவும் சுற்றியிருக்கிறார். பொற்கொடிக்கு அன்றைக்குப் பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட், போகமுடியவில்லை. அம்மா இறந்த பிறகு அந்தக் கம்பெனிச் சம்பளத்தில்தான் ரூபன் படித்தான். அதைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. அப்பா படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்ததும் அவள்தான். அதற்கும் வருத்தமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் கப்பல் கிளம்புவதற்கு முன் ரூபன் இரண்டு நாள் லீவில் வந்திருந்தான். ஒரு பை நிறைய ஆப்பிள். "போலாமாக்கா? டாக்டரு என்னக்கா சொல்றாரு?" என்று கேட்டான். டாக்டர் இரண்டு மாதம் தாங்கும் என்று சொல்லியிருந்தார். கப்பல் ஒன்றரை மாதத்தில் திரும்பிவிடும். முதல்தடவையாக மைக்குகளெல்லாம் அவன் பொறுப்பு. "போயிட்டு வா சாமி, நான் பாத்துக்கறேன்" என்றாள். அது மனதாரச் சொன்னதுதான். அவன் ஒரு நம்பரை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தான். "ஆபீஸ் நம்பருக்கா. எந்நேரமும் ஆள் இருப்பாங்க. அப்பாவுக்கு முடியலீன்னு ஒரு வார்த்த சொல்லு, கப்பலுக்குச் சேதி வந்துரும். நான் பேசறேன்க்கா." 'ரூபன் கப்பல்' என்று அவனே பெயரும் போட்டான்.

அந்த நம்பரை அவள் முதல்முறையாக அழுத்தியது இன்றைக்குக் காலை ஆறேகாலுக்கு.

எடுத்தவர் மலையாளி. விவரத்தை எழுதிக்கொண்டு, வருத்தம் சொல்லி, இப்போது கேபிள் தண்ணீரில் இருக்கிறது, மேலே எடுக்க நாலு மணிக்கூர் ஆகும், பிறகு கப்பல் திரும்பி வர ஞாயிறு காலை ஆகிவிடும் என்றார். வைக்கப் போனவர் ஒரு நிமிசம் நிறுத்தினார்.

"சேச்சி, சீரியஸ்னு முன்னாடியே ஏன் விளிச்சில்லா? புதன்கிழமை கப்பல் தீவுல வந்து தண்ணி எடுத்துட்டுப் போயதாணு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆளை அங்கேயே இறக்கி விமானத்தில் விட்டிருப்போம் அல்லே?"

"தெரியிலீங்க" என்றாள்.

பிறகு பாத்திரம் கழுவும்போது மனதுக்குள் கணக்கு ஓடியது. திங்கட்கிழமை கூப்பிட்டிருந்தால் புதன்கிழமை இறங்கியிருப்பான். வியாழக்கிழமை மத்தியானம் வீட்டில் இருந்திருப்பான். அப்பா வெள்ளிக்கிழமை விடியும்வரை இருந்தார்.

அப்பா கேட்காமலும் இல்லை. இரண்டு தடவை கேட்டார். முதல்தடவை போன வாரம் வியாழக்கிழமை. முதுகைத் துடைத்துவிட்டுத் திருப்பிப் படுக்க வைத்தபோது, "அம்மணி, ரூபனுக்கு ஒரு போனப் போடு. அவனப் பாக்கோணும்" என்றார். பொற்கொடி துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "மைக்கு எறக்கியிருக்காங்கப்பா. இப்பப் போன் பண்ணுனா மணியடிக்கும். வேல கெட்டுப்போயிரும்."

அவர் உடனே நம்பினார். கப்பலைப் பற்றி அவருக்குத் தெரியாததா? "அய்யோ, வேண்டாஞ்சாமி. வேல கெட்டுறப்படாது" என்று கையைக்கூட ஆட்டினார்.

திங்கட்கிழமை மறுபடியும் கேட்டார். குரல் பாதியாகியிருந்தது. "இன்னுமா சத்தம் போடாம இருக்கறாங்க?"

"ஆமாங்கப்பா."

அதற்குப் பிறகு கேட்கவில்லை. வீட்டில் சத்தம் வந்தால் மட்டும் கண்ணைத் திறந்து பார்ப்பார்.

ஏன் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. வேறு யாரையாவது கை காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும். லீவில் வந்த அந்த இரண்டு நாளும் வீடு நிறைய ஆள். "மகன் வந்ததும் மூஞ்சில களை வந்துருச்சு பாரு" என்றார்கள். அவள் ஊட்டினால் அரை இட்லிக்கு மேல் வாங்காத அப்பா, அவன் கையால் இரண்டு இட்லி சாப்பிட்டார். அன்று காலையில்தான் அவள் மூன்று விரிப்பைத் துவைத்துப் போட்டிருந்தாள். அவன் வந்து நான்கு நாள் நின்றால் கடைசிவரை மகன் பார்த்தான் என்று ஊரில் பேர் ஆகிவிடும். முடிகிறவரை நானே இருந்துவிட்டுப் போகிறேன், டாக்டர்தான் நாள் இருக்கிறது என்றாரே என்று நினைத்தாள். பொறாமை என்று அன்றைக்கு அதற்குப் பெயர் வைக்கத் தோன்றவில்லை. இப்போது பாத்திரங்களெல்லாம் கழுவி முடிந்திருந்தது.

பத்து மணிக்குள் கோபிசெட்டிபாளையத்திலிருந்து பெரியப்பா சென்னியப்பனும், அத்தை பாவாத்தாளும் வந்து இறங்கினார்கள். அத்தை அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. தெருமுனையில் இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். பக்கத்துத் தறிக்குடோன்காரர் காலையிலேயே தறியை நிறுத்திவிட்டிருந்தார். தறிச் சத்தம் இல்லாத தெருவில் அத்தையின் ஒப்பாரி மெயின்ரோடு வரை போனது. பெட்டியின் மேல் விழுந்து அழுது ஓய்ந்ததும், மூக்கைச் சிந்திவிட்டு நேராக விசயத்துக்கு வந்தாள்.

"எங்கடி உன்ற தொம்பி?"

"கப்பல்லீங்கத்தை. ஞாயித்துக்கெழம ஆகுமாமா."

"அப்பன் இப்படிக் கெடக்கறான்னு தெரிஞ்சேதான போனான்?"

பொற்கொடி பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்தாள்.

"தெரிஞ்சேதான் போயிருக்கறான்" என்று அத்தை கூடியிருந்த பெண்களைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு போனு உண்டா? எப்படியிருக்கறாருன்னு ஒரு வார்த்த உண்டா? கடல்ல கெடக்கற மீனு கத்தறதக் கேக்கப் போயிட்டான். பெத்தவன் கூப்புடறது காதுல உழுகுல."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி, அவனை யாரும் கட்டாயப்படுத்தி அனுப்பினார்களா என்று கேட்டாள். இன்னொருத்தி, இந்தப் பிள்ளை மட்டும் இல்லையென்றால் வேலுமணி அண்ணன் நாறிப்போயிருப்பார் என்றாள். எல்லாருடைய கண்ணும் பொற்கொடி மேல் வந்து நின்றது. அவள் ஒன்பது மாதமாக ஆசைப்பட்ட பார்வை அது. கிடைத்த பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ரூபன் மேல் தப்பில்லை என்று சொல்ல வாய் வரவும் இல்லை.

பதினோரு மணிக்கு அவள் உள்ளே போய், சத்துமாவைப் பாலில் கரைத்து, கட்டியில்லாமல் வடிகட்டி, டம்ளரில் ஸ்பூன் போட்டு எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டாள். பெட்டிக்கு இரண்டடி முன்னால்தான் நின்றாள். அத்தைதான் எழுந்து வந்து டம்ளரை வாங்கி, "நீ குடி கண்ணு" என்று அவள் வாயில் வைத்தாள். பொற்கொடி குடித்தாள். இனிப்பே இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை சேர்க்கக்கூடாது என்று அவள்தான் போடாமல் இருந்தாள்.

பெரியப்பா அவளைச் சமையலறை ஓரமாக அழைத்துப்போய் நிறுத்தினார். எதையும் அவசரப்பட்டுச் சொல்லாத ஆள்.

"அம்மணி, ஒரு முடிவு சொல்லோணும். நாளைக்குச் சனிக்கெழம. நம்மள்ல சனியில எடுக்கறதில்ல. ஒண்ணு, இன்னிக்கே எடுத்தாவோணும். இல்லீன்னா தொம்பி வரட்டும்னு ஞாயித்துக்கெழம வரைக்கும் வெச்சிருக்கோணும். நீ என்ன சொல்றே?"

வைத்திருக்கலாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அவள் கண்ணில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. ரூபன் பையைக்கூடக் கீழே வைக்காமல் பெட்டியைப் பார்த்துவிட்டு, அவளைத் திரும்பிப் பார்ப்பான். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பான். இல்லை, கேட்கவே மாட்டான்.

"இன்னிக்கே எடுத்துரலாங்க பெரியப்பா" என்றாள். "ரெண்டு நாளு வெச்சிருந்தா ஒடம்பு தாங்காதுங்க."

"அதுஞ் செரிதான்" என்றார் அவர். ஐஸ் பெட்டியில் வைத்தால் தாங்கும் என்று இருவருக்கும் தெரியும்.

அப்புறம் வேலைகள் வேகமாக நடந்தன. குழி வெட்ட ஆள் போனது. பாடை கட்ட வாசலில் பச்சை ஓலை வந்து விழுந்தது. புதுத்துணி கொண்டுவந்தவர்கள் பெட்டி மேல் போர்த்தினார்கள். குழியைச் சுற்றி வந்து குடம் உடைப்பது யார் என்ற பேச்சு வந்தது. மகன் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பையன் எடுப்பதுதான் முறை. பெரியப்பா தன் பேரன் யஷ்வந்தின் பெயரைச் சொன்னபோது, அத்தை கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள்.

"எதுக்கு? ஒம்பது மாசம் பீ மூத்திரம் அள்ளுனது அவனா? அவ எடுக்கட்டும். மகளென்ன, மகனென்ன? வராத மகனுக்குப் பதிலா, கூடவே இருந்த புள்ள கொடம் எடுக்கட்டும்."

"பொம்பளப் புள்ள காட்டுக்கு வாரதா?" என்று யாரோ முனகினார்.

பெரியப்பா பொற்கொடியின் தலையில் கையை வைத்தார். "பாவாத்தா சொல்றது நாயந்தான். எந்தம்பிக்கு எல்லாஞ் செஞ்சவ இவதான். இவளே எடுக்கட்டும்."

நல்ல முடிவு என்பதுபோல ஆண்கள்கூடத் தலையாட்டினார்கள். பொற்கொடி பெரியப்பாவின் கைக்கடியில் அப்படியே நின்றாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் அந்தக் கை கனமாகவும் சூடாகவும் இருந்தது. அப்பா நன்றாக இருந்த காலத்தில்கூட அவள் தலையில் யாரும் இப்படிக் கை வைத்ததில்லை.

ஒன்றே முக்காலுக்குச் சஹீர் வந்தான். குளிப்பாட்டுவதற்கு வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. அவன் பெட்டி மூடியின் ஒரு பக்கக் கொக்கியை எடுத்துவிட்டு மறுபக்கம் போகும்போது அவளுடைய போன் அடித்தது. நீளமான நம்பர், முன்னால் பார்த்திராத எண்ணில் தொடங்கியது.

"அக்கா."

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அவள் "ரூபா" என்றாள். பதில் உடனே வரவில்லை. அவள் சொன்னது போய்ச் சேர்ந்து அவன் சொல்வது திரும்பி வர, ஒரு மூச்சு விடும் நேரம் ஆனது.

"அக்கா, கேபிள மேல எடுத்துட்டோம்க்கா. எல்லாரும் சேர்ந்து நின்னு எடுத்தாங்கக்கா. கேப்டன் கப்பலைத் திருப்பிட்டாரு. ஞாயித்துக்கெழம காலைல கொச்சிக்கா. மத்தியானம் வந்துருவேன்க்கா. அதுவரைக்கும் வெச்சிருப்பீங்களாக்கா?"

அவனுக்குப் பின்னால் எஞ்சின் ஓடுகிற சத்தம் தடதடவென்று கேட்டது. பொற்கொடி நிமிர்ந்து பார்த்தாள். சஹீர் இரண்டாவது கொக்கியில் கை வைத்திருந்தான். பெரியப்பாவும் அத்தையும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை பக்கத்தில் வந்து அவள் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வெச்சிருக்கோம்" என்றாள். சஹீரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "மூடுங்க. எடுக்க வேண்டாம்."

"அம்மணி?" என்றார் பெரியப்பா.

போனில் ரூபன் மூச்சை விட்டது கேட்டது. அழுகிறான் என்று தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே அவன் சத்தமில்லாமல்தான் அழுவான்.

"அக்கா, அப்பா கஷ்டப்பட்டாராக்கா?"

"இல்ல சாமி."

"என்னையக் கேட்டாராக்கா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கப்பலில் இரண்டு நாள் தன்னையே நொந்துகொண்டு வருவான், அவ்வளவுதான். ஊரும் அவனையேதான் குறை சொல்லும். தறி நிறுத்திய தெருவில் எல்லாருக்கும் எல்லாம் கேட்டது.

"ரெண்டு தடவ கேட்டாரு" என்றாள். "போன வாரம் ஒருக்கா. திங்கக்கெழம ஒருக்கா. நாந்தான் உன்னையக் கூப்பிடல. மைக்கு எறக்கியிருக்காங்க, போன் பண்ணக்கூடாதுன்னு அப்பாகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன். அவரு நம்பிட்டாரு. நீ வந்தா எல்லாரும் உன்னையத்தான் பெருமையாச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன் ரூபா. வேற ஒண்ணுமில்ல."

ஒரு மூச்சு நேரம் ஆனது. பதில் வரவில்லை. இன்னொரு மூச்சு நேரம் ஆனது. எஞ்சின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. தோளிலிருந்த அத்தையின் கை எப்போது எடுக்கப்பட்டது என்று அவள் கவனிக்கவில்லை.

"சரி" என்றான் கடைசியில். "வாரேன்."

அக்கா என்று சொல்லவில்லை.

போன் கட்டானதும் பெரியப்பா தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் வாசலுக்குப் போய், குழி வெட்டுகிறவர்களிடம் நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். சஹீர் எடுத்த கொக்கியைத் திரும்ப மாட்டிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனான். வாசலில் போட்ட பெஞ்சை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓரமாக வைத்தார்கள்.

பொற்கொடி பெட்டியின் தலைமாட்டில், காலையிலிருந்து உட்கார்ந்திருந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்த பெண்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். அத்தை சுவரோரம் போய், எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மணி இரண்டுகூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.